முதல் பரிசு கடைக்காரருக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வந்தால் போன் போட்டுத் திட்டுங்கள், ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் உள்ள ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. பெயர் வேண்டாம், எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். ஓய்வு பெற்ற ஆசிரியர் என்றால் சால்வை போர்த்தி இதற்குத்தானே கூப்பிடுவார்கள்.

அங்கே லேசர் அலாரம் மட்டும் ஐந்து இருந்தது. ஒரு பக்கம் சிவப்பு லேசர், எதிர்ப்பக்கம் ஒரு சென்சார், நடுவில் கையை நீட்டினால் 'கீ' என்று கத்தும். திருடன் வந்தால் கண்டுபிடிக்குமாம். ஐந்தில் நான்கு ஒரே அச்சு. அதே பச்சைப் பலகை, அதே வெள்ளை எழுத்து, அதே மூலையில் அதே கருப்புப் பஸ்ஸர். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்கு வருவது. வித்தியாசமெல்லாம் தெர்மோகோலில்தான். ஒருவர் வீடு கட்டியிருந்தார், ஒருவர் வங்கி கட்டியிருந்தார். ஒரு பாப்பா நம் ஆண்டாள் கோவில் ராஜகோபுரத்தையே பதினொரு நிலையும் எண்ணி அறுத்து ஒட்டி, வாசலில் லேசர் பாய்ச்சியிருந்தாள். கோபுரம் அவ்வளவு அழகு. அதை அவளே செய்தாளாம். அதற்குத் தனிப்பரிசு கொடுத்திருக்கலாம்.

"ஏம்மா, லேசரை மறைச்சா ஏன் அடிக்குது?" என்று கேட்டேன்.

"சென்சார் கண்டுபிடிச்சிரும் சார்."

"சென்சார் எது, தொட்டுக் காட்டு."

பலகை முழுவதையும் காட்டினாள்.

"சரி, நான் திருடன். கையில டார்ச் லைட் வச்சிருக்கேன். டார்ச்சை அதுமேல அடிச்சுக்கிட்டே உள்ள போனா?"

பாப்பா பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "சார், அதெல்லாம் சிலபஸ்ல இல்லையே" என்றார்.

பிள்ளையைக் குறை சொல்லவில்லை. யாரும் அவளிடம் கேட்காததை அவள் எங்கிருந்து சொல்வாள்?

ஐந்தாவது அலாரம் கடைசி வரிசையில், ஜன்னல் ஓரமாக இருந்தது. செங்கல்லில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய சாவிக்கொத்து லேசர். காலி அட்டைப்பெட்டியில் துளை போட்டு நுழைத்த ஒரு சின்ன எல்டிஆர். முறுக்கி விட்ட கம்பிகள். நாங்கள் போனபோது அது அடிக்கவில்லை. பையன் நெற்றியில் வியர்வை. எல்டிஆரைச் சுற்றிக் கையைக் குவித்துக் குவித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலையில நல்லா அடிச்சுச்சு சார். இப்ப ஜன்னல் வெயில் நேரா விழுது. பெஞ்சைத் திருப்பிப் போட விட்டா அடிக்கும் சார்."

அந்தக் கூடத்தில் அன்று நான் கேட்ட ஒரே அறிவியல் வாக்கியம் அதுதான். ஆனால் மதிப்பெண் தாளில் செயல்பாடு, நேர்த்தி, விளக்கம் என்று மூன்று கட்டங்கள். "வேலையே செய்யலையே சார், எப்படிப் போடுறது?" என்றார்கள் மற்ற இருவரும். கொஞ்சம் வாதாடினேன். சாப்பாட்டு நேரமாகிவிட்டது. கையெழுத்துப் போட்டேன். முதல் பரிசு வங்கிக்கு, இரண்டாவது கோபுரத்துக்கு. சரியாகச் சொன்னால் இரண்டுமே அந்தப் பலகையைச் செய்து விற்ற கடைக்காரருக்கு. பையனுக்குப் பங்கேற்புச் சான்றிதழ்.

அந்தக் கையெழுத்துதான் இந்தப் பதிவை எழுத வைக்கிறது.

பையன் சொன்னது ஏன் பெரிய விஷயம் என்பதை, இயற்பியலை மறந்துபோன என் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். எல்டிஆர் என்பது வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் ஒரு பொருள். மேலே பாம்பு நெளிந்த மாதிரி கோடு தெரிகிறதே, அது காட்மியம் சல்பைடு. என் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால், இறுக்கி மூடினால் சில லட்சம் ஓம், வீட்டுக்குள் சாதாரண வெளிச்சத்தில் சில ஆயிரம் ஓம், லேசர் விழுந்தால் சில நூறு ஓம். இதையும் ஒரு 47 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் தொடராக இணைத்து 9 வோல்ட் கொடுத்தால், இரண்டும் வோல்டேஜைப் பங்கு பிரித்துக்கொள்ளும். தடை அதிகம் உள்ளதற்குப் பங்கு அதிகம். நடுப்புள்ளியிலிருந்து பிசி 547 டிரான்சிஸ்டரின் பேஸுக்கு ஒரு கம்பி. பேஸில் 0.6, 0.7 வோல்ட் வந்தால் டிரான்சிஸ்டர் திறக்கும், பஸ்ஸர் அடிக்கும். லேசர் விழும்வரை எல்டிஆரின் பங்கு 0.1 வோல்ட் தேறாது, அதனால் அமைதி. லேசரை மறைத்தால் பங்கு ஏறும், அலறும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

இப்போது ஜன்னல் வெயிலை நினைத்துப் பாருங்கள். லேசரை மறைத்தாலும் வெயில் எல்டிஆரை விடவில்லை. தடை ஏறவே இல்லை. எல்டிஆருக்கு லேசர் என்றும் வெயில் என்றும் தெரியாது, வெளிச்சம் என்றுதான் தெரியும். நான் அந்தப் பாப்பாவிடம் கேட்ட டார்ச் கேள்விக்கு இந்தப் பையன் தன் தோல்வியாலேயே பதில் சொல்லிவிட்டான். அவனுக்கு நாங்கள் கொடுத்தது பங்கேற்புச் சான்றிதழ்!

இந்த எல்டிஆரின் பூர்வீகமே ஒரு 'வேலை செய்யாத' சாதனம்தான். வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேயர் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கும் பொறியாளர். சோதனைக்கு மிக உயர்ந்த மின்தடை தேவைப்பட்டது. செலினியம் குச்சிகளை வைத்துப் பார்த்தார். அளவு ஒரு நேரம் இருந்த மாதிரி இன்னொரு நேரம் இல்லை. நம் கண்காட்சி நடுவர்கள் அங்கே இருந்திருந்தால் 'செயல்பாடு: பூஜ்யம்' என்று போட்டிருப்பார்கள். அவர் ஏன் மாறுகிறது என்று தேடினார். பெட்டியை மூடினால் தடை ஏறுகிறது, திறந்தால் இறங்குகிறது. 1873-ல் அதை எழுதி வெளியிட்டார். ஏழு வருடம் கழித்து, 1880-ல், கிரகாம் பெல் அதே செலினியத்தை வைத்து ஒளிக்கதிர் வழியாகப் பேச்சையே அனுப்பிக் காட்டினார். லேசர் வருவதற்கு இன்னும் 80 வருடம் இருந்தது. அது 1960-ல்தான் வந்தது.

நீங்களும் இந்த வித்தையோடுதான் வளர்ந்தீர்கள். பிலிம் ஓடிய காலத்தில் தியேட்டரில் பாட்டு எப்படிக் கேட்டது? பிலிமின் ஓரமாக ஒரு ஒலிக்கோடு போகும். ஒரு சின்ன விளக்கின் வெளிச்சம் அதன் வழியாகப் புகுந்து போட்டோசெல்லில் விழும். கோட்டின் நிழல் கூடக் குறைய, மின்சாரம் கூடக் குறைய, அதுதான் பாட்டு. ராஜபாளையத்து மில்லில் ஆட்டோகோனர் பார்த்தவர்களுக்கு இன்னொன்று தெரியும். நூல் ஓடும் வழியில் கிளியரர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். சிலவகைக் கிளியரர்களில் ஒரு ஒளிக்கதிர்தான் காவல். நூலில் தடிப்பு வந்தால் நிழல் பெரிதாகும், உடனே வெட்டிவிடும். மில்லில் வேலை பார்க்கும் அப்பா ஷிப்டு முழுக்க இதன் முன்னால் நிற்கிறார். அவர் பிள்ளை கடையில் வாங்கிய பலகையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிறது. சாப்பிடும்போது இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எனக்கு இதுதான் வயிற்றெரிச்சல்.

கண்காட்சி முடிந்த ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்திலிருந்து மகள் வயிற்றுப் பேரன் வந்தான், ஏழாம் வகுப்பு. அவன் அப்பா, என் அருமை மருமகன், அவனுக்கும் அதே பச்சைப் பலகையை ஆர்டர் போடத் தயாராக இருந்தார். தடுத்துவிட்டேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரேடியோ ரிப்பேர் செய்பவரிடம் எல்டிஆர், டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், பஸ்ஸர், பேட்டரி கிளிப் எல்லாம் உதிரியாக வாங்கி வரச் சொன்னேன். லேசரையும் பேட்டரியையும் சேர்த்து 140 ரூபாய்கூட ஆகவில்லை.

பேரன் முதலில் எல்டிஆரையும் ரெசிஸ்டரையும் இடம் மாற்றிப் போட்டான். லேசர் பட்டதும் வீடே அதிர்ந்தது, மறைத்ததும் நின்றது. "தாத்தா, திருடன் வந்தா கம்முனு ஆயிருது!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். நான் வாயைத் திறக்கவில்லை. சும்மா இருப்பதுதான் வாத்தியாருக்கு ரொம்பக் கஷ்டமான வேலை, தெரியுமா? கால் மணி நேரம் படத்தையும் கம்பியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவனே மாற்றினான். மாற்றிவிட்டுச் சொன்னான்: "முதல்ல செஞ்சதும் தப்பில்ல தாத்தா. அதை அலமாரிக்குள்ள வச்சா, யாராவது கதவைத் திறந்து வெளிச்சம் வந்ததும் அடிக்கும்." லேசரே வேண்டாத ஒரு அலாரத்தைப் பயல் தப்பிலிருந்து கண்டுபிடித்துவிட்டான். கடைப்பலகையில் கம்பியை மாற்றிப் போட முடியாது, எல்லாம் பற்றவைத்து வருகிறது.

பிறகு திண்ணைக்குக் கொண்டு போனோம். அந்தப் பையனுக்கு வந்த அதே சிக்கல். வெளிச்சத்தில் அடிக்கவில்லை. பேரன் ஓடிப்போய் மில் நூல் சுற்றி வரும் காகிதக் கோனை எடுத்து வந்து, அகலவாய் லேசரைப் பார்க்கும்படி வைத்து எல்டிஆரைக் குறுகிய முனையில் செருகினான். இன்னும் மோசம். "இது மெகாபோன் மாதிரி வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுக்குது" என்று அவனே திட்டினான். கடைசியில் காய்ந்துபோன கருப்பு ஸ்கெட்ச் பேனாவின் கூட்டை அறுத்து அதன் அடியில் எல்டிஆரை வைத்தோம். நேராக வரும் லேசர் மட்டும் உள்ளே போனது. பட்டப்பகலில் அடித்தது!

அடுத்த கேள்வியை அவன் ஆச்சி கேட்டாள். "திருடன் தாண்டிப் போனதும் சத்தம் நின்னுருதே, அவன் பாட்டுக்கு உள்ள போயிருவான்லடா?" நாற்பது வருடம் வாத்தியாரோடு குடித்தனம் நடத்தியவள். நான் தோட்டத்து மோட்டாரைக் காட்டினேன். ஸ்டார்ட்டரில் பச்சைப் பட்டனை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தாலும் மோட்டார் ஓடுகிறதே, எப்படி? உள்ளே இருக்கும் காண்டாக்டர் ஒருமுறை இழுக்கப்பட்டதும், தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன்னுடைய இன்னொரு தொடுமுனை வழியாகவே எடுத்துப் பிடித்துக்கொள்கிறது. சிவப்பை அமுக்கினாலோ கரண்டு போனாலோதான் விடும். கரண்டு திரும்ப வந்தாலும் தானாக ஓடாது. ஒரு சின்ன ரிலே இருந்தால் நம் அலாரத்துக்கும் அதையே செய்யலாம். அது இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பொம்மை எந்த வீட்டையும் காக்காது. சாவிக்கொத்து லேசரின் பட்டன் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் எல்டிஆர் இருட்டாகி அலாரம் அடிக்கும் என்பது ஒரு நல்ல குணம். திருடன் லேசர் கம்பியை அறுத்தாலும் அடிக்கும். ஆனால் டார்ச்சுக்கு ஏமாந்துவிடும். ஏமாறாமல் இருக்க ஒளியைக் குறிப்பிட்ட வேகத்தில் துடிக்கவிட்டு, அந்தத் துடிப்பை மட்டும் ஏற்கும் ஏற்பி வைக்க வேண்டும். உங்கள் டிவி ரிமோட் அப்படித்தான் பேசுகிறது, நொடிக்கு ஏறத்தாழ 38,000 துடிப்பு. இதையெல்லாம் ஒரு பிள்ளை மேடையில் நின்று 'என் கருவி எங்கே தோற்கும்' என்று சொன்னால் நான் எழுந்து நின்று கும்பிடுவேன். 'வங்கிகளுக்குப் பயன்படும்' என்று சார்ட்டில் எழுதி ஒட்டுவது பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்குவது.

எனக்கு வரப்போகும் பதில்கள் தெரியும்.

'காலம் மாறிவிட்டது சார், எல்லாமே ரெடிமேடுதான்.' இருக்கட்டும். வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டுவது உங்கள் இஷ்டம். மார்கழிக் கோலப் போட்டிக்கு அதை ஒட்டிவிட்டுப் பரிசு கேட்டால் தெருவில் உள்ள பெண்கள் விடுவார்களா? அந்த நியாயம் அறிவியல் கண்காட்சிக்கு மட்டும் ஏன் இல்லை?

'பெற்றோருக்கு நேரம் இல்லை.' இதில் நியாயம் இருக்கிறது. வியாழக்கிழமை டைரியில் எழுதிவிட்டுத் திங்கட்கிழமை புராஜெக்ட் கேட்டால், நைட் ஷிப்டு முடிந்து வருகிறவர் கடைக்குத்தான் போவார். இது பள்ளியின் குற்றம், எங்கள் வாத்தியார் சாதியின் குற்றம். ஒரு மாதம் கொடுங்கள். பெற்றோரை விட்டுவிட்டுப் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகச் சேருங்கள்.

'கிட் வாங்குவதே தப்பா?' இல்லை. உதிரியாக வருகிற, பிரித்துப் பிரித்துச் சேர்க்கிற கிட் என்றால் நானே வாங்கித் தருவேன். பற்றவைத்து முடித்த பலகையைத்தான் எதிர்க்கிறேன்.

'வசதி இல்லை' என்று மட்டும் இனி யாரும் சொல்லாதீர்கள். இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வாகும் மாணவனுக்கு மத்திய அரசு 10,000 ரூபாய் தருகிறது. அடல் டிங்கரிங் ஆய்வகம் கிடைத்த பள்ளிக்கு 20 லட்சம் வரை. நம் மாநிலத்தில் 2022 நவம்பரிலிருந்து வானவில் மன்றம் வந்து, அரசுப் பள்ளி நடுநிலை வகுப்புகளுக்குச் செய்முறைப் பெட்டியோடு ஆள் தேடி வருகிறார்கள். பணம் வந்துவிட்டது. நாம் நடுவர்கள்தான் இன்னும் தெர்மோகோலுக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? இல்லை. தொண்ணூறுகளில், நான் பணியில் இருந்தபோது, ஒரு மாணவன் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணியடிக்கும் கருவி செய்துகொண்டு வந்தான். அதிகாரி வந்த நேரம் பார்த்து அடிக்கவில்லை. "வேலை செய்யாததை எதுக்குடா தூக்கிட்டு வந்தே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். பக்கத்தில் இருந்த இன்னொரு மாணவனின் கருவியை அவன் வீட்டு எலக்ட்ரீசியன் செய்து கொடுத்தார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அதை மாவட்டத்துக்கு அனுப்பினேன், பள்ளிக்குப் பெயர் வருமே என்று. அந்த முதல் மாணவன் இன்று மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். இந்தப் பதிவைப் படிப்பார். தம்பி, அன்று உப்பு போடாத தண்ணீரில் அந்தக் கம்பிகளுக்கு இடையே மின்சாரம் போதவில்லை. அவ்வளவுதான் தப்பு. ஒரு டிரான்சிஸ்டர் சேர்த்திருந்தால் அடித்திருக்கும். அதை உனக்குச் சொல்லித்தர வேண்டியவன் நான். உன்னைத் திட்டினேன். முப்பது வருடம் கழித்து மன்னிப்புக் கேட்கிறேன்.

என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்கள் நிறையப் பேர். பிப்ரவரி 28 வந்தால் கண்காட்சி வைப்பீர்கள், ராமன் படத்துக்கு மாலை போடுவீர்கள். அன்றைக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். நடுவராகப் போனால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். பிடுங்கிவிட்டு, "ஐந்து நிமிஷம் கழிச்சு வர்றேன், சரி பண்ணி வை" என்று நகர்ந்துவிடுங்கள். சரி செய்தால் பாதி மார்க். சரியாகாவிட்டாலும் ஏன் ஆகவில்லை என்று சொன்னால் மீதி. பிடுங்க முடியாதபடி பற்றவைத்த பலகை என்றால் அது அந்தப் பிள்ளையுடையது இல்லை, விஷயம் முடிந்தது. அழகுக்கு மார்க் வேண்டுமென்றால் கைவினைக்குத் தனிப்பரிசு வையுங்கள், அந்தக் கோபுரத்துப் பாப்பாவுக்குச் சேரும்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதில் விளையாட்டு கிடையாது. லேசரைக் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது. விழித்திரை சுட்டுப்போனால் திரும்ப வராது, சுடும்போது வலிக்கவும் செய்யாது. ஆடிப்பூரத் தேரோட்டக் கடைகளில் விற்கும் லேசரில் 5 மில்லிவாட்டுக்குக் குறைவு என்று ஒட்டியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பச்சை லேசர் வாங்கவே வேண்டாம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இதைச் செய்யாதீர்கள், மற்ற வீடுகளில் முழங்கால் உயரத்துக்கு மேல் வைக்காதீர்கள். எதிரே கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம் இருக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். லேசர் வேண்டாம் என்று தோன்றினால் ஒரு சாதாரண எல்இடி டார்ச்சை இரண்டடி தூரத்தில் வைத்தாலே பாடம் நடக்கும்.

அந்த ஜன்னலோரப் பையனின் ஆசிரியர் என் பழைய மாணவி. அவர் மூலமாகச் சொல்லியனுப்பியிருக்கிறேன், வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுத் திண்ணைக்கு வரச் சொல்லி. ரிலே வேலையை அவனும் என் பேரனும் சேர்ந்து செய்யட்டும். உங்கள் பிள்ளைகளையும் அனுப்பலாம். எல்டிஆர், டிரான்சிஸ்டர் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. 9 வோல்ட் பேட்டரி மட்டும் ஆளுக்கு ஒன்று கொண்டு வரச் சொல்லுங்கள். போன வாரம் நான்கு பேட்டரி என் கணக்கில் தீர்ந்தது, வீட்டில் கேள்வி வருகிறது.